பள்ளி வழிபாடு, மதம், உரிமை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மதமும் பள்ளியும் பற்றிக் கேட்டவர்களுக்கு, எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

மகன் படிக்கும் பள்ளியில் தினமும் வேறு மத ஜெபம் சொல்லச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?

எந்த வகைப் பள்ளி என்று சொல்லவில்லையே! முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி என்றால், அரசியலமைப்பின் 28ஆவது பிரிவுப்படி அங்கே மத போதனையே கூடாது. அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி என்றால் நடத்தலாம். ஆனால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையைக் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது. எதுவானாலும் எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது.

தேசிய கீதம் பாடாத பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்குவது நியாயம்தானே?

இல்லை. 1985 ஜூலையில் கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்துக் கிடங்கூரில் இதுதான் நடந்தது. பத்து, ஒன்பது, ஐந்தாம் வகுப்புகளில் படித்த மூன்று பிள்ளைகள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபைக் குடும்பம். கீதம் ஒலிக்கும்போது மற்றவர்களோடு மரியாதையாக எழுந்து நிற்பார்கள். தங்கள் மத நம்பிக்கை இடம் தராது என்று வாய் திறந்து பாட மட்டும் மாட்டார்கள். சட்டமன்றம் வரை பேச்சு போனது, பிள்ளைகளை நீக்கிவிட்டார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பாடியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, எழுந்து நிற்பதே மரியாதை என்றது தீர்ப்பு.

எங்கள் பள்ளியிலும் ஒரு பையன் இருந்தான். கையைத் தொடையோடு ஒட்டி, கண்ணைக் கொடிமேல் வைத்து நிற்பான். உதடு மட்டும் அசையாது. பக்கத்தில் கத்திப் பாடிக்கொண்டே முன்னால் நிற்பவன் சட்டையை இழுப்பவர்களும் இருந்தார்கள். மரியாதை யாரிடம் இருந்தது என்று எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஐயா, அப்படியானால் நாளைக்கு எல்லாரும் மதத்தைச் சொல்லி வாயை மூடிக்கொள்வார்களே?

இதையே நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். நீதிமன்றம் அதையும் பார்த்தது. நம்பிக்கை உண்மையானதா, மனசாட்சியோடு கடைப்பிடிப்பதா என்று பார்த்த பிறகுதான் தீர்ப்பு. 1971ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தையும் படியுங்கள்: பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதும், பாடும் கூட்டத்தில் குழப்பம் செய்வதும்தான் குற்றம். சும்மா நிற்பது அல்ல.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் இதேதானா?

2021 டிசம்பரில் அது மாநிலப் பாடல் ஆனது. பாடும்போது எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு என்கிறது அரசாணை.

ஹிஜாப் வழக்கு என்ன ஆனது?

வகுப்பில் ஹிஜாப் அணியக் கூடாது என்ற தடையை கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். அந்த அமர்வில் முடிவு கிடைக்கவில்லை.

என் மகள் பள்ளியிலும் ஜெபம் கட்டாயம். என்ன செய்ய?

முதல் பதிலைப் படியுங்கள். எந்த வகைப் பள்ளி என்று பாருங்கள், எழுதிக் கொடுங்கள்.

அலுவலகத்தில் ஆயுத பூஜை?

அது எனக்குப் பழக்கமில்லாத இடம். பணி விதிகள் தெரிந்த வழக்கறிஞரைக் கேளுங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியை நான். வகுப்பில் மதங்களைப் பற்றிப் பேசவே கூடாதா?

தாராளமாகப் பேசுங்கள் அம்மா. மதங்களைப் பற்றிய படிப்பு வேறு, மத போதனை வேறு என்று 2002இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சமணர் ஏன் இருட்டுமுன் சாப்பிடுகிறார்கள், நோன்புக் கஞ்சி எதற்கு என்று சொல்லிக் கொடுப்பது பாடம். “நீயும் இதை நம்பு” என்றால் போதனை. பயந்து அந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை வீட்டில் என்ன நடக்கிறது என்று அறிய வகுப்பை விட்டால் பல பிள்ளைகளுக்கு வேறு இடம் கிடையாது.