சாமி பேருக்கு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பாயி போன ஐப்பசியில் தவறிவிட்டார். மன்னார்குடிப் பக்கம் கிராமம். வயது எண்பது சொச்சம், சரியாகத் தெரியாது. அவரை வளர்த்தவர்கள் அவரைப் பெற்றவர்கள் அல்ல என்பதே எங்களுக்குக் காரியத்தன்றுதான் தெரியும். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களோடு வந்த குழந்தை என்கிறார் ஒரு பெரியவர். பண்ணை வீட்டுக்காரரின் மகள், வெளியே தெரியாமல் கொடுத்து வளர்த்தார்கள் என்கிறார் இன்னொருவர். 1942, 43ஆம் வருடங்களின் பிறப்புப் பதிவேடே இல்லையாம், புயலில் போய்விட்டதாம். வேறு எங்கே தேடலாம்? மரபணுச் சோதனையில் தெரியுமா? தங்கைக்கு வரன் பார்க்கிறோம், நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அப்பா கலங்குகிறார். எங்கள் ரத்தத்தில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது எங்கள் உரிமைதானே?

இன்னொன்று. அப்பாயி கோயிலில் ஒருநாளும் நட்சத்திரம் சொன்னதில்லை. அர்ச்சனைக்குக் குருக்கள் கேட்டால், “சாமி பேருக்கே பண்ணிடுங்க” என்பார். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

அந்தக் கடைசி நாலு வரி இல்லையென்றால் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாயி இரண்டு வகுப்பாவது படித்திருந்தால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். பிறந்த தேதியை நம்பாதீர்கள். கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயசு, தேதி ஹெட்மாஸ்டர் போட்டது. ஆனால் தகப்பன் பெயரோ கார்டியன் பெயரோ இருக்கும். அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். வளர்த்தவர்கள் பெயரில் ஒரு மா நிலமாவது இருந்திருந்தால் பாகப் பத்திரமோ தானப் பத்திரமோ எழுதியிருப்பார்கள். பழைய பத்திரங்களில் ‘அபிமான புத்திரி’ என்று வரும். பெறாத மகளைச் சொல்ல அதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது.

மரபணுச் சோதனையா? எதனோடு ஒப்பிடுவதாக உத்தேசம்? பண்ணை வீட்டுப் பேரன்களிடம் போய் எச்சில் கேட்பீர்களா? விடுங்கள்.

பர்மாக் கதை நடந்திருக்கலாம். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தபின் காடும் மலையுமாக நடந்து வந்தவர்கள் ஏராளம், வழியில் செத்தவர்களும் ஏராளம். பண்ணை வீட்டுக் கதையும் நடந்திருக்கலாம். புயலும் பொய்யில்லை. 1952 நவம்பர் 30ஆம் தேதி அடித்தது. எங்கள் வீட்டில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் ‘புயலுக்கு முன்னாடி’, ‘புயலுக்குப் பின்னாடி’ என்றுதான் கணக்கு.

ஆனால் ‘ரத்தத்தில் என்ன கலந்திருக்கிறது’ என்று எழுதும்போது கை கூசவில்லையா தம்பி? அவள் கையால் சோறு தின்று வளர்ந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது? அப்பாயியைப் பெற்றவர் யார் என்பதா உங்கள் கேள்வி? அவள் என்ன சாதி என்பது. பர்மா என்றால் சமாளித்துக்கொள்வீர்கள். பண்ணை வீடு என்றால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வரும். அந்தப் பெரியவர்கள் வாயில் வராத மூன்றாவது கதை ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான் உங்கள் அப்பா கலங்குகிறார். வரன் வீட்டார் அதைக் கேட்டால், வந்த வழியே அவர்களை அனுப்பிவையுங்கள்.

சரி, பதிவேடு கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன இருக்கும்? ‘பெண்’ என்று இருக்கும். அவ்வளவுதான். சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல் வந்தது. எத்தனை பிறந்தது, காலராவில் எத்தனை போயிற்று என்று சர்க்காருக்கு எண்ணிக்கை வேண்டியிருந்தது. உங்கள் வம்சாவளியைப் பற்றி அதற்கென்ன அக்கறை? பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு முடிந்துவிடும், பிறகு யாரும் போய்ப் பெயர் சேர்ப்பதில்லை. அந்த ‘பெண்’தான் உங்கள் அப்பாயி என்று யார் வந்து சொல்வார்கள்?

இதை நான் அடித்துச் சொல்லக் காரணம் உண்டு. அம்மாவின் பெரியப்பாதான் எங்கள் ஊருக்குப் பட்டாமணியம், ஊர்ப் பிறப்பு இறப்பை எழுதிவைக்கும் கிராம அதிகாரி. எனக்குப் பெரிய தாத்தா. லீவு நாளில் பதிவேட்டுக்கு ரூல்தடி வைத்துக் கோடு போடுவது என் வேலை, ஒரு பக்கத்துக்கு ஒரு நெல்லிக்காய் கூலி. வாரம் ஒருமுறை வெட்டியான் வந்து வாசலில் நிற்பார். நான் திண்ணையில், அவர் வெயிலில். “கீழத்தெருவுல ஆணு ஒண்ணுங்க. வடக்குத்தெருக் கெழவி போயிட்டுதுங்க.” யாருக்கு யார் பிறந்தது என்று ஊரிலேயே முழுசாகத் தெரிந்த மனிதர் அவர். எழுதும் இடத்துக்கு அவர் வர முடியாது.

1972, குறுவை அறுப்பு சமயம். “ஓட்டு வீட்டுல பொண்ணு ஒண்ணுங்க” என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். தாத்தா நிப்பை மையில் தோய்த்தவர் அப்படியே கையை வைத்துக்கொண்டிருந்தார்.

“அவன் சிங்கப்பூர் போயி எத்தினி வருசம் ஆவுது?”

“மூணு முடியுதுங்க. நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பலு ஏத்திவுட்டுட்டு வந்தது நான்தானுங்களே.”

நிப்பிலிருந்து ஒரு சொட்டு மை நான் போட்ட கோட்டில் விழுந்தது. தாத்தா அதை ஒற்றுத்தாளால் ஒற்றினார். நிப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். “வாய்க்கால்ல தண்ணி ஏறுதா?” என்றார். “ஏறுதுங்க.” பதிவேட்டை மூடிவிட்டார். அடுத்த வாரம் அதே வரியில் வேறொரு குழந்தையை எழுதினார். இன்றைக்கு அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு காலியிடம்கூட உங்களுக்குத் தெரியாது, மைக்கறையைத் தவிர.

வெகுகாலம் அதைக் கருணை என்றே நினைத்திருந்தேன். கதையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் கண் கலங்கியிருக்கிறார்கள். இப்போது பாதி பயம் என்று தோன்றுகிறது. தாய் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாமே? அந்தத் துணிச்சல் அவருக்கு இல்லை. மணமாகாத தாய்க்குத் தகப்பன் பெயரைக் கேட்காமலே பிள்ளையின் பிறப்புச் சான்று கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கே 2015 ஆயிற்று.

அவர் மையைத் துடைத்ததற்கு அந்தப் பெண் கொடுத்த விலை எனக்குத் தெரியும். கல்யாணமாகி, புருஷனோடு வெளிநாடு போகப் பிறப்புச் சான்று கேட்டார்கள். முதலில் பதிவில் இல்லை என்று ஒரு சான்று வாங்க வேண்டும், பிறந்ததற்கு அதுதான் முதல் படி! அப்புறம் பிரமாணப் பத்திரம், மாஜிஸ்திரேட் உத்தரவு. ஒரு நாள் துணைக்கு நானும் போயிருந்தேன். தகப்பன் என்று கையெழுத்துப் போட சிங்கப்பூர்க்காரரே வந்திருந்தார். எழுபது வயசு, கையில் குடை. ‘இன்னார் என் மகள்’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு முழுசும் ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். பிறகு நிதானமாகப் போட்டார். வெளியே வந்து எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

தஞ்சாவூர் போனால் பெரிய கோயிலின் வெளிமதிலில் ராஜராஜன் வெட்டிவைத்த தளிச்சேரிக் கல்வெட்டைப் பாருங்கள். கோயில் பணிக்கென்று கொண்டுவந்து குடியமர்த்திய நானூறு பெண்கள். எந்த ஊரிலிருந்து, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், ‘நக்கன்’ இன்னாள் என்ற பெயர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். ஒருத்திக்கும் தகப்பன் பெயர் கிடையாது. நெல் அளப்பதற்கு அது தேவைப்படவில்லை. ராஜாவைப் புகழ இதைச் சொல்லவில்லை, அந்தப் பெண்களிடம் யாரும் விருப்பம் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு கதை.

‘இப்போதுதான் புரிகிறது’ என்கிறீர்களே, என்ன புரிந்தது? அவளுக்குத் தெரியாது என்றா? தெரிந்தும் சொல்லவில்லை என்று ஏன் இருக்கக்கூடாது? எண்பது வருஷம் எத்தனை குருக்கள் கேட்டிருப்பார்கள். ஏதோ ஒரு ரோகிணி, ஒரு அஸ்வினி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டுவது எவ்வளவு சுலபம்! அவள் பொய் சொல்லவில்லை.

கடிதத்தைத் திரும்பவும் படித்தேன். பர்மா இருக்கிறது, பண்ணை வீடு இருக்கிறது, தங்கையின் வரன் இருக்கிறது. அப்பாயியை எடுத்து வளர்த்த அந்த அம்மாளின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அவர் பெயர் என்ன?