சமூக அறிவியல் படித்தால் என்ன வேலை?

அன்புள்ள அண்ணா,

பல்கலைக்கழகம் போவதற்கு முன் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வை முடித்துவிட்டேன். வீடு சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். பினாங்கில் சமூக அறிவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ‘எந்தப் பக்கமும் போகலாம்’ என்கிறார் ஆசிரியர். ‘எங்கேயும் போக முடியாது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்’ என்கிறார் மாமா. யாரை நம்புவது?

க.

அன்புள்ள க.,

மாமா சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. டாக்டர் படிப்பைப் போல இந்தப் பட்டத்தின் பெயரிலேயே வேலை ஒட்டிக்கொண்டு வராது. அரசு நிர்வாக அதிகாரி வேலைக்கு எந்தத் துறைப் பட்டத்தோடும் மனுப் போடலாம், ஆனால் கூட்டம் அதிகம். பள்ளியில் கற்பிக்க வேண்டுமானால் மேற்கொண்டு கல்வியியல் டிப்ளோமா படிக்க வேண்டும்.

நானும் இதைப் படித்தவன்தான். முதல் வருடம் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே போனேன். ‘உங்கள் மாத வருமானம் எவ்வளவு?’ ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆயா, ‘ஏன்டா, ஒனக்குத் தெரியாதா?’ என்று வெற்றிலையை மடித்தார். மறுவாரம் கேள்வியை மாற்றினேன்: ‘மாசக் கடைசியில கடையில எவ்வளவு பாக்கி?’ அவ்வளவுதான். சம்பளம், ஓவர்டைம், அடகு வைத்த சங்கிலி எல்லாம் தானாக வந்து விழுந்தன. பிற்பாடு சவர்க்காரக் கம்பெனிக்குச் சந்தை ஆய்வு செய்தபோதும், தொண்டு நிறுவனத்தில் இருந்தபோதும் எனக்குச் சோறு போட்டது அந்த ஆயாவிடம் கற்றதுதான்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 16 அன்று அங்கே மூன்று தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க, வெள்ளைக்கார அரசு அவசரகாலத்தை அறிவித்தது. அரசியல் படிப்பவர் அதில் ஒன்றைப் பார்ப்பார், கூலிக் கணக்குப் பார்க்கும் பொருளியல்காரர் வேறொன்றை. அப்புறம் தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் கூறுபோட, ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். உங்கள் ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன், 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். இது வரலாறா, பொருளியலா, சமூகவியலா? மூன்றும்தான். இதைத்தான் உங்கள் ஆசிரியர் ‘எந்தப் பக்கமும்’ என்கிறார் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும். புள்ளியியல் வகுப்பைக் கண்டு ஓடாதீர்கள். கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் நிறைய. வேலை தேடும்போது சிரமப்படுவதும் அவர்கள்தான். மலாயிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் பத்துப் பக்க அறிக்கை எழுதப் பழகிக்கொள்ளுங்கள்.

மாமாவிடம் சண்டை வேண்டாம். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு வருவேன். அவரையும் கூட்டி வாருங்கள், பேசிப் பார்ப்போம்.