தையல் கத்தரி வாங்கப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அக்கா, இப்பதான் தையல் கத்துக்க ஆரம்பிச்சிருக்கேன். வீட்டுல இருக்கற கத்தரியே போதுமா, இல்ல தனியா வாங்கணுமா? எத்தனை இன்ச்?

பதில்: துணிக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிடுங்கம்மா, 8 இன்ச். அதுல பேப்பர் மட்டும் வெட்டக்கூடாது. கைப்பிடி மேல்பக்கமா வளைஞ்சு இருக்கணும், அப்பதான் கீழ் அலகு மேஜையிலயே படிஞ்சு போகும். நேர் கைப்பிடியா இருந்தா ஒவ்வொரு வெட்டுக்கும் துணி விரல் உயரம் எழும்பும், அடியில இருக்கற மடிப்பு நகர்ந்துடும், அப்புறம் ரெண்டு சட்டைக் கையும் ஒரே அளவா வரலையேன்னு தையலைப் பிரிச்சுட்டு உக்காந்திருப்பீங்க.

வாங்கப் போறப்ப மெல்லிசு காட்டன்ல ஒரு துண்டு, வழுக்கற துணில ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்க. அலகோட நடுவுல எல்லா கத்தரியும் நல்லாத்தான் வெட்டும், நீங்க முனை வரைக்கும் வெட்டிப் பாருங்க. முனையில துணி வெட்டாம மடங்கி உள்ள மாட்டுச்சுன்னா அங்கேயே வச்சுட்டு வந்துடுங்க. இன்னொண்ணு, கத்தரியை மூடி வெளிச்சத்துல பக்கவாட்டுல பாத்தா ரெண்டு அலகுக்கும் நடுவுல மயிரிழை சந்து தெரியும். அது குறை இல்ல. அலகை லேசா வளைச்சுத்தான் செய்வாங்க, மூட மூட ரெண்டும் ஒரே ஒரு புள்ளியில மட்டும் உரசிக்கிட்டு முனைக்கு நகரும், அந்தப் புள்ளிதான் துணியை வெட்டுது. கத்தரியைக் கீழ போடாதீங்கன்னு நான் கத்தறது இதுக்குத்தான், ஒரு தடவை விழுந்தாலே அந்த வளைவு கெட்டுப் போகலாம்.

கேள்வி: ஓரத்தைப் பல்லு பல்லா வெட்டற ஜிக்ஜாக் கத்தரி இருந்தா, ஓரம் பிரியாம இருக்க தைக்கற ஓவர்லாக் வேண்டாம்தானே?

பதில்: பிசிறு குறையும், நிக்காது. அடிக்கடி துவைக்கற துணிக்குப் பத்தாது. டி-ஷர்ட் துணிக்குத் தேவையே இல்ல, அது நெசவுத்துணி மாதிரி பிசிறாது.

கேள்வி: நான் இடது கை. எந்தக் கத்தரி எடுத்தாலும் துணியை மெல்லுது. என் கைதான் சரியில்லையா?

பதில்: உங்க கை மேல ஒரு தப்பும் இல்ல. வலது கையால மூடறப்ப கட்டைவிரல் வெளிய தள்ளும், மத்த விரல் உள்ள இழுக்கும், அதுல ரெண்டு அலகும் ஒண்ணோட ஒண்ணு அழுந்தும். அதே கத்தரியை இடது கையில பிடிச்சா அந்த அழுத்தமே அலகை விலக்கிடும், நடுவுல துணி மடங்கிடும். போதாக்குறைக்கு மேல் அலகு சாக்பீஸ் கோட்டை மறைச்சுக்கும். ‘ரெண்டு கைக்கும் ஆகும்’னு விக்கறதுல பெரும்பாலும் கைப்பிடி மட்டும்தான் பொது, அலகு வலது கைக்காரங்களோடதுதான். கத்தரியைத் திறந்து, முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம் பாக்கற மாதிரி பிடிக்கறப்ப, மேல வர அலகு இடது பக்கம் இருக்கணும். அதைப் பாத்து வாங்குங்க. இத்தனை நாள் அதோட மல்லுக்கட்டினீங்களேன்னு எனக்கே கஷ்டமா இருக்கு.

கேள்வி: 8 இன்ச்சா 10 இன்ச்சா?

பதில்: 8. மேலயே சொல்லியிருக்கேன்.

கேள்வி: பேப்பர் வெட்டக்கூடாதுங்கறது எல்லாம் சும்மா அக்கா. நான் மூணு வருஷமா பேட்டர்ன் பேப்பரும் (துணி வெட்டறதுக்கு அளவு வரைஞ்ச பேப்பர்) துணியும் ஒரே கத்தரியிலதான் வெட்டறேன்.

பதில்: சும்மா இல்ல தம்பி. பேப்பர் வெள்ளையா வழவழன்னு வரதுக்கு வெள்ளைக் களிமண், கால்சியம் கார்பனேட் பொடி எல்லாம் கலக்கறாங்க. அந்தப் பொடி விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமா தேய்க்கும். ஒரே நாள்ல தெரியாது, அதனாலதான் ஒண்ணும் ஆகலைன்னு தோணுது. உங்க கத்தரில ஷிஃபான் ஒரு தடவை வெட்டிப் பாருங்க.

கேள்வி: பாலியெஸ்டரும்தானே மழுங்க வைக்குது? அதை மட்டும் ஏன் வெட்டச் சொல்றீங்க?

பதில்: நியாயமான கேள்வி, ஒத்துக்கறேன். பளபளப்பைக் குறைக்க செயற்கை நூல்ல டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ப்பாங்க, அதுவும் தேய்க்கும். ஆனா துணி வெட்டத்தானே கத்தரி வாங்கினோம், அந்தத் தேய்மானத்தைத் தவிர்க்க முடியாது. பேப்பரைத் தவிர்க்கலாம்ல, ஒரு பழைய கத்தரி போதுமே.

கேள்வி: அப்ப பேட்டர்னைத் துணி மேல பின் குத்தி வெட்டறோமே, அது?

பதில்: ஓரத்துல சாக்பீஸால வரைஞ்சுட்டு பேப்பரை எடுத்துடுங்க, அப்புறம் வெட்டுங்க. குண்டூசி மேல மட்டும் ஏத்திடாதீங்க. ஒரே வெட்டுல விளிம்புல சின்னப் பள்ளம் விழும், அப்புறம் அதே இடத்துல ஒவ்வொரு தடவையும் நூலை இழுக்கும்.

கேள்வி: எந்தக் கம்பெனி நல்லது?

பதில்: மணிக்கட்டு வலி இருக்கறவங்களுக்கு பிளாஸ்டிக் கைப்பிடி லேசா இருக்கும், ஃபிஸ்கார்ஸ் 1967ல பின்லாந்துல கொண்டுவந்த அந்த ஆரஞ்சு கைப்பிடி மாதிரி. பேரைப் பாத்து மட்டும் வாங்காதீங்க, முனையை வெட்டிப் பாருங்க.

கேள்வி: ஷிஃபான் வழுக்கிட்டே போகுது.

பதில்: ஒரு அலகுல பொடிப் பல் இருக்கற கத்தரி வாங்குங்க, அது துணியைப் பிடிச்சுக்கும். மேஜை மேல காட்டன் போர்வை விரிச்சுட்டு அதுக்கு மேல துணியைப் போடுங்க.

கேள்வி: அலுமினியம் ஃபாயிலை வெட்டினா கூர் வருமாமே?

பதில்: விளிம்புல இருக்கற சின்னப் பிசிறு சரியாகலாம், மழுங்கினது கூராகாது. சாணைக்குத்தான் கொடுக்கணும், கொடுக்கறப்ப உள்பக்கத்தைத் தேய்க்க வேண்டாம், வெளிச்சரிவை மட்டும் பிடிங்கன்னு வாயால சொல்லிடுங்க. நான் சொல்லாம விட்டு, பல வருஷம் வச்சிருந்த கத்தரியோட உள்பக்கத்தைத் தட்டையா தேய்ச்சுக் கொடுத்துட்டாங்க. பளபளன்னு வந்துச்சு, ஆனா முனை அதுக்கப்புறம் வெட்டவே இல்ல. இன்னும் தூக்கிப் போட மனசு வரல.

கேள்வி: நான் பேப்பர் வெட்டறது இல்ல, பிறந்தநாளுக்கு கிஃப்ட் பேப்பர் மட்டும்...

பதில்: அதுவும் பேப்பர்தான். கத்தரியை ஒளிச்சு வைங்க.

கேள்வி: அக்கா, முதல்ல கேட்டது நான்தான். அம்மாவோட பழைய 8 இன்ச் கத்தரி கிடைச்சுது. வெட்டிப் பாத்தேன், நடுவுல நல்லா வெட்டுது, முனையில துணி மடங்குது. வேஸ்ட்டா?

பதில்: அவசரப்படாதீங்க, முதல்ல ஸ்க்ரூவைப் பாருங்க. ஒரு கைப்பிடியை மட்டும் பிடிச்சுக்கிட்டு நல்லா விரிச்சுட்டு இன்னொண்ணை விடுங்க. மெதுவா இறங்கி பாதியில நிக்கணும். தொப்புன்னு மூடிக்கிச்சுன்னா லூஸ், கால் சுத்து முடுக்கி மறுபடி பாருங்க. நடுவுல படிஞ்சிருக்கற பஞ்சைத் துடைச்சுட்டு ஒரே ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்க, நாலு தடவை திறந்து மூடி, முதல் வெட்டைத் தேவையில்லாத துணில வெட்டுங்க, எண்ணெய்க்கறை அதோட போயிடும்.