பெருச்சாளிக்கு எலி மருந்து வைக்காதீர்கள்

தண்டையார்பேட்டை வீட்டுப் பின்கட்டில் பெருச்சாளி சேப்பங்கிழங்கைத் தோண்டுகிறது, மூன்று தெருப்பூனை இருந்தும் நிற்கவில்லை, எலி மருந்து வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மருந்து மட்டும் வேண்டாம், தயவுசெய்து. தின்று தள்ளாடும் எலியைப் பூனை சுலபமாகப் பிடித்துவிடும். அந்த விஷம் பூனையையும் கொல்லும். நான் ஒன்றை அப்படித்தான் பறிகொடுத்தேன்.

வளர்ந்த பெருச்சாளி ஒரு கிலோ வரைகூட இருக்கும். பெரும்பாலான பூனைகள் அதனிடம் போகாது, பாவம், அவற்றைக் குறை சொல்லாதீர்கள்.

பூனைக்கு வைக்கும் காசிமேட்டு மீன் தலை இரவெல்லாம் தட்டில் கிடக்கிறதா? அந்த வாடைக்கே பெருச்சாளி வரும். பொழுது சாய்வதற்குள் போட்டு, அரை மணியில் தட்டைக் கழுவிவிடுங்கள். அப்புறம் பாத்தியைச் சுற்றி அரை அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலையை ஒன்றரை அடி ஆழத்துக்குப் புதைத்து, அடியை வெளிப்பக்கமாக மடக்குங்கள். பிளாஸ்டிக் வலை என்றால் கடித்துவிடும்.