பட்டர் ஃப்ரூட் கன்றுக்கு சாலிசிலிக் அமிலம்: இப்போது வேண்டாம்

வணக்கம் நண்பரே. கொடைக்கானல் மலையில் உள்ள பண்ணைக்காட்டில் நட்ட இரண்டு வயது பட்டர் ஃப்ரூட் (அவகேடோ) கன்றுகள் மாசி வெயிலில் இலை ஓரம் கருகுகின்றன, சாலிசிலிக் அமிலம் அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அடிக்கலாம், ஆனால் இப்போது இல்லை. செடி தானே தயாரிக்கும் பொருள்தான் அது. முன்கூட்டியே தெளித்தால் செடி வறட்சிக்கு உஷாராகிவிடும். புரோலின் என்ற அமினோ அமிலம் போன்றவற்றைத் தானே உண்டாக்கிச் சேர்த்து, செல்லில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வாடிய பிறகு அடித்தால் பெரிய பலன் கிடையாது. அடுத்த தையில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று முதலில் இரண்டு கன்றுக்கு மட்டும் அடித்துப் பாருங்கள். அளவு கூடினால் அதுவே இலையைக் கருக்கும். தண்ணீரில் சுலபமாகக் கரையாது, கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை நேராக வாளியில் கொட்டி, தெளிப்பானின் நாசில் அடைத்து அரை நாள் போனது!

இப்போதைக்கு மூடாக்குதான் மருந்து. பட்டர் ஃப்ரூட்டுக்கு வேர் மேலாகவே ஓடும். காய்ந்த புல், சருகு அரை அடி உயரத்துக்குப் போடுங்கள், தண்டை ஒட்ட வேண்டாம். அப்புறம், போர் தண்ணீரா ஊற்றுகிறீர்கள்? உப்பு இருந்தாலும் ஓரம் இப்படித்தான் கருகும். இலையோடு தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.