குரல் தாமதமின்றிக் குழுவாகப் பேச எந்தக் கட்டற்ற மென்பொருள் நல்லது?

கேள்வி: நண்பர்கள் பத்துப் பேர் விளையாடும்போது பேசிக்கொள்ள வேண்டும். வீடியோ தேவையில்லை, குரல் உடனுக்குடன் கேட்டால் போதும்.

பதில்: குரல் மட்டும் போதும் என்றால் தயங்காமல் மம்பிள் (Mumble) என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 முதல் இருக்கிறது, விளம்பரம் கிடையாது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது.

அதன் வேகத்துக்கு முக்கியமான காரணம் யுடிபி (UDP). யுடிபி, டிசிபி (TCP) இரண்டும் இணையத்தில் தரவைச் சிறு பொட்டலங்களாக அனுப்பும் முறைகள். டிசிபியில் ஒரு பொட்டலம் தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வருபவை காத்திருக்கும். கோப்பு இறக்க அது சரி. பேச்சில் தாமதமாக வந்த சொல்லால் என்ன பயன்? யுடிபி தொலைந்ததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அந்தச் சிறு இடைவெளியை ஓப்பஸ் (Opus) என்ற கோடெக், அதாவது குரலைச் சுருக்கி விரிக்கும் நிரல், ஊகித்து நிரப்பும். பெரும்பாலும் காதுக்குத் தெரியாது. 2012இல் இணையத்துக்கான பொதுத் தரமாக ஏற்கப்பட்ட இந்த ஓப்பஸ், குரலை வழக்கமாக 20 மில்லிநொடித் துண்டுகளாகச் சுருக்குகிறது. நொடிக்கு 6 கிலோபிட் அளவுக்குக்கூட இறங்கிவரும் என்பதால் மெதுவான இணைப்பிலும் பேச முடியும்.

எல்லோருடைய குரலும் வந்துபோகும் சர்வரை நீங்களே நடத்தலாம். பழைய கணினியே தாங்கும். அது குரல்களைக் கலப்பதில்லை, வந்ததை மற்றவர்களுக்கு அனுப்புவதோடு சரி. வழியில் எல்லாம் மறையாக்கப்பட்டே, அதாவது இடையில் யாரும் கேட்க முடியாதபடி மாற்றப்பட்டே போகும். ஆனால் சர்வரில் மறை பிரிக்கப்படுகிறது, அதனால் அதை நடத்துபவர் நம்பத் தகுந்தவராக இருக்க வேண்டும். இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை, நான் அழுத்திச் சொல்கிறேன். அப்புறம், எல்லோரும் ஹெட்ஃபோன் போடுங்கள், எதிரொலித் தொல்லை வராது.

பின்னாளில் வீடியோ தேவைப்பட்டால் ஜிட்சி மீட் (Jitsi Meet) என்ற மென்பொருளைப் பாருங்கள்; உலாவியிலேயே ஓடும்.