மெல்பர்னில் மெலனோமா என்று ரிப்போர்ட் வந்தால் யாரிடம் கேட்பது

தங்கச்சி, வேலை விசாவில் மெல்பர்ன் வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை, கணவரின் உள்ளங்காலில் இருந்த கருந்திட்டை எடுத்துப் பரிசோதித்ததில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது, இணையத்தில் படிக்கப் படிக்கப் பயம்தான் கூடுகிறது, ஊரிலிருந்து "நம்ம தோலுக்கு அதெல்லாம் வராது, எதுக்கும் திரும்பி வந்துடுங்க" என்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணவருக்கும் காலில்தான் வந்தது. சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக நடமாடுகிறார். எங்களுக்கு எது உதவியது என்று சொல்கிறேன்.

நம் தோலுக்கும் இது வரும். வெயிலால் வருகிற மெலனோமாதான் நம்மவர்களுக்கு அபூர்வம். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வருகிற வகையை ஏக்ரல் மெலனோமா என்பார்கள், அது தோலின் நிறம் பார்த்து வருவதில்லை. பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்துக்கு அடியில் வந்தது இதுதான், 1981இல் அவர் இறந்ததும் இதனால்தான். வெயிலுக்கும் இந்த வகைக்கும் பெரிய தொடர்பு இல்லை, அதனால் சன்ஸ்கிரீன் போடவில்லை, வெயிலில் கிரிக்கெட் ஆடினார் என்று யார் சொன்னாலும் உங்கள் கணவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முதலில் பார்த்த கிளினிக்கில் கால் ஆணி என்று சொல்லி பிளாஸ்டர் கொடுத்து அனுப்பினார்கள், அதிலேயே மாதங்கள் போயின. உங்கள் ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், உடனே பயாப்சி எடுத்திருக்கிறார். அவரை விடாதீர்கள்.

இப்போது தேடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அந்த பேத்தாலஜி ரிப்போர்ட்டின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பார்கள், தயங்க வேண்டாம். அதில் பிரெஸ்லோ தடிமன் என்று மில்லிமீட்டரில் ஒரு எண் இருக்கும், கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதன் அளவு அது. புண்ணாகியிருக்கிறதா என்றும் எழுதியிருப்பார்கள். சுற்றிலும் எவ்வளவு தோலை அகலமாக வெட்டி எடுப்பது, தொடை இடுக்கில் நெறி கட்டும் இடத்தில் சென்டினல் நோட் சோதனை (நோய் முதலில் பரவக்கூடிய நிணநீர் முடிச்சை எடுத்துப் பார்ப்பது) செய்வதா என்பதெல்லாம் பெரும்பாலும் இதை வைத்துத்தான் முடிவாகிறது. ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்தச் சோதனையைப் பற்றிப் பொதுவாகப் பேசுவார்கள். இந்த எண்ணும் நோயின் நிலையும் தெரியாமல் நீங்கள் இணையத்தில் எதைப் படித்தாலும் அது வேறு யாருடைய நோயைப் பற்றியோ படிப்பதுதான்.

குறிப்பாக "ஐந்து வருடம் எத்தனை சதவீதம்" என்ற அட்டவணைகளைத் திறக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் பெரும்பகுதி வெள்ளைத் தோலில் வெயிலால் வந்த மெலனோமாவின் கணக்கு. பழைய அட்டவணைகள், உடலின் எதிர்ப்புசக்தியைத் தூண்டிவிடும் இன்றைய இம்யூனோதெரபி மருந்துகள் வருவதற்கு முந்தையவை, 2011 முதல்தான் அந்த மருந்துகள் ஒவ்வொன்றாக அனுமதி பெற்றன. காலில் வரும் வகைக்கு அந்த மருந்துகள் எவ்வளவு கேட்கும் என்பதும் வேறு கணக்கு. அதை உங்கள் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள், பிராஃப், கிட் மரபணுச் சோதனை தேவைப்படுமா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, யாரிடம் பேசுவது? கேன்சர் கவுன்சில் என்ற புற்றுநோய் உதவி அமைப்பின் 13 11 20. கட்டணம் இல்லை, ரகசியம் காப்பார்கள், விசா என்ன என்று பார்ப்பதில்லை. ரிப்போர்ட்டை முன்னால் வைத்துக்கொண்டு பேசினால் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுமையாக விளக்கம் கிடைக்கும், மெலனோமாவுக்கென்றே அவர்கள் போட்டிருக்கும் புத்தகத்தையும் இலவசமாக அனுப்புவார்கள். சட்டம், பணம், வேலை பற்றிய உதவிக்கும் வழி சொல்வார்கள். தமிழில் பேச வேண்டுமென்றால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான 13 14 50க்கு அழைத்து "தமிழ்" என்று சொல்லி, கேன்சர் கவுன்சிலுக்கு இணைக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்குக்கூடப் பயத்தில் இருக்கும்போது பாதிதான் மண்டையில் ஏறும். அரசு மருத்துவமனைகளிலும் மொழிபெயர்ப்பாளர் உண்டு, நாள் குறிக்கும்போதே கேட்டுவிட வேண்டும். வருபவர் யாழ்ப்பாணத் தமிழ் பேசலாம், உங்களுக்கு அது புதிதாக இருக்கலாம், புரியாவிட்டால் இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள், அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள். சொந்தக்காரப் பிள்ளைகளை மட்டும் மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள், பாவம்.

சிகிச்சைக்கு, மெலனோமாவையே நாள்தோறும் பார்க்கிற இடத்துக்கு ரெஃபரல் கேளுங்கள். மெல்பர்னில் பீட்டர் மக்கல்லம் புற்றுநோய் மருத்துவமனையும் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் இருக்கும் விக்டோரியன் மெலனோமா சர்வீசும் அப்படிப்பட்டவை. இது ஏக்ரல் வகை என்று ரெஃபரல் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அங்கே அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், பேத்தாலஜிஸ்ட் எல்லோரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து உங்கள் கணவரின் கேஸைப் பேசுவார்கள். அந்தக் கூட்டம் எப்போது, என்ன முடிவு என்று கேட்பது உங்கள் உரிமை. நர்ஸ் ஒருவரின் பெயரையும் நேரடி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு எண்தான் ராத்திரிகளைத் தாண்ட வைத்தது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் அடுத்து வந்து நிற்கும். இங்கே அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிக்கேருக்கு இந்தியாவோடு ஒப்பந்தம் இல்லை, ஆகவே வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இன்ஷூரன்ஸ்தான். பெரும்பாலான பாலிசிகளில் முன்பே இருந்த நோய்க்கு 12 மாதக் காத்திருப்பு உண்டு. பாலிசி எடுப்பதற்கு முன்பே அறிகுறி இருந்ததா என்பதை அவர்கள் நியமிக்கும் டாக்டர் தீர்மானிப்பார், அதனால் திட்டு எப்போது முதலில் கண்ணில் பட்டது என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி, தேதி நினைவிருந்தால் தேதியோடு சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். முக்கியமாக, விலை கூடிய புற்றுநோய் ஊசிகளுக்கு உச்சவரம்பு உண்டா என்று கேளுங்கள், இதை யாரும் தானாகச் சொல்வதில்லை. இன்ஷூரன்ஸ்காரர்கள் மறுத்தால், புகார்களை விசாரிக்கும் அரசு அதிகாரியான காமன்வெல்த் ஓம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். நிரந்தர வசிப்புரிமைக்கு (பிஆர்) ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் இடைக்கால மெடிக்கேர் கிடைக்க வாய்ப்புண்டு, அதையும் விசாரியுங்கள். பிஆர் எடுக்கும்போது உடல்நலச் சோதனை மறுபடி வரும், அதைப் பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட் அல்லது வழக்கறிஞரிடம் மட்டும் கேளுங்கள், பார்ட்டியில் சந்திக்கிறவர்களிடம் வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் முள்சீத்தாப்பழம் கீமோவைவிடப் பல மடங்கு வலிமை என்று வரும், அன்போடுதான் அனுப்புவார்கள், கோபப்பட வேண்டாம். ஆனால் பிளாக் சால்வ் என்ற கறுப்புக் களிம்பை மட்டும் காலருகே கொண்டுபோகாதீர்கள். நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும், மேலே ஆறியதுபோல் காட்டி அடியில் கட்டியை விட்டுவிடும். இம்யூனோதெரபி தொடங்கினால் கஷாயம், லேகியம், மாத்திரை எதுவானாலும் டாக்டருக்குத் தெரியாமல் கூடாது. அந்தச் சமயத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் "நேத்து சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று விட்டுவிடாமல் அன்றே அந்த நர்ஸை அழையுங்கள், அது மருந்தால் குடலில் வந்த அழற்சியாக இருக்கலாம்.

ஊருக்குத் திரும்புவதா என்ற கேள்விக்கு வருகிறேன். அடையாறு, வேலூர் இரண்டுமே நல்ல இடங்கள். ஆனால் மெலனோமா அங்கே அபூர்வம், உலகிலேயே அது அதிகமாக வருகிற நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று, கைப்பழக்கம் இவர்களுக்கு அதிகம். இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொண்டால் அறுவை சிகிச்சையை இங்கேயே முடியுங்கள் என்பதுதான் என் கருத்து. ஒத்துக்கொள்ளாமல் போகத்தான் வேண்டுமென்றால் ரிப்போர்ட் மட்டும் போதாது, பயாப்சி ஸ்லைடுகளையும், எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டு, அங்கே டாக்டரைப் பார்க்கும் தேதி உறுதியான பிறகே விமானம் ஏறுங்கள்.

அக்கம்பக்கத்தில் சொல்வதா என்று தயங்குகிறீர்கள். எல்லோரிடமும் வேண்டாம், இரண்டு பேரிடம் சொல்லுங்கள், ஒருவர் சமைத்துத் தர, ஒருவர் கார் ஓட்ட. காலில் தோல் ஒட்டு வைத்தால் கொஞ்ச நாள் அவர் காலை ஊன்ற முடியாது, குழந்தையையும் வைத்துக்கொண்டு தனியாகச் சமாளிப்பது கஷ்டம். நான் கிளேட்டனில்தான் இருக்கிறேன். வியாழக்கிழமை ஸ்பெஷலிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் என்று எழுதியிருந்தீர்களே, பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் எத்தனை மணிக்கு என்று தனியாக மெசேஜ் போடுங்கள், வருகிறேன்.